யானையும் தீனியும்

“யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?” என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. வசதிக்கு மீறிய எதையாவது பிள்ளைகள் கேட்டுவிட்டால், பாட்டிமார் இந்த ஒரு வாக்கியத்தால் அவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். யானையை ஒரு நாள் விலை கொடுத்து வாங்கிவிடலாம். அது தினம் தினம் தின்கிறதே, அதுதான் குடும்பத்தைக் கரைத்துவிடும் என்பது கருத்து.

பாட்டிமார் இதை யானை வாங்குகிறவன் பக்கத்தில் நின்றே யோசித்தார்கள். விற்கிறவன் பக்கத்தில் நின்று யோசித்திருந்தால் வேறொரு உண்மை புலப்பட்டிருக்கும். ஊரில் உள்ள கரும்பும் தழையும் தென்னை மட்டையும் என் ஒருவனிடம்தான் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்துகொண்டால், யானையை நான் பாதி விலைக்கே கொடுக்கலாம். ஏன், சும்மாவே கொடுக்கலாம்! வாங்கியவன் ஆயுள் முழுவதும் என் கடை வாசலில் வந்து நிற்பான் அல்லவா?

காமிராவும் பிரிண்டரும் செய்து விற்கிற கம்பெனிகள் நூறு வருஷத்துக்கு மேலாக நடத்தி வரும் வியாபாரம் இதுதான். இதன் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரு நல்ல நாவலைப் படிப்பது போலவே இருந்தது. அதில் தந்திரம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, நியாயம் கிடைக்கும் முன்பே கண்ணை மூடிவிட்ட ஒரு பாதிரியார் இருக்கிறார். தான் விற்ற தீனியின் ருசியில் தானே மயங்கி விழுந்த ஒரு வியாபாரியும் இருக்கிறார்.

கதை தொடங்கும் ஊர், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் உள்ள ராச்செஸ்டர். 1877-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பாங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற இளைஞர். வயது 23. வெளியூர்ப் பயணம் ஒன்று போக ஆசைப்பட்டு, அங்கே படம் பிடிப்பதற்காகப் புகைப்பட சாமான்களை வாங்கினார். அந்தக் காலத்தில் படம் பிடிப்பது என்றால் சாமான்யமா? பெட்டி போன்ற காமிரா, அதைத் தாங்க ஒரு முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துக் குப்பிகள், இருட்டறைக்குப் பதிலாக ஒரு கூடாரம் என்று ஒரு வண்டிச் சுமை சேர்ந்துவிடும். ஈஸ்ட்மன் அந்தப் பயணம் போகவே இல்லை. ஆனால் இத்தனை சுமையையும் எப்படிக் குறைக்கலாம் என்ற யோசனை மட்டும் அவரை விடவில்லை.

1888-இல் அவர் ஒரு காமிராவை வெளியிட்டார். அதற்கு ‘கோடக்’ என்று பெயர் வைத்தார். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. ‘க’ என்ற ஓசை அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். காமிராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். நூறும் எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். கூடவே 10 டாலர். அங்கே படங்களைக் கழுவி, பிரதி எடுத்து, புதிய சுருளையும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். “பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது அவர்களுடைய விளம்பரம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தடவை காமிராவை அனுப்பி வாங்கினால் 30 டாலர் ஆகிவிடும். காமிராவின் விலையையே அது தாண்டிவிட்டது! அந்த விளம்பரத்தில் உள்ள ‘மற்றதை’ என்ற சின்னச் சொல்லுக்குள்தான் ஈஸ்ட்மனின் செல்வம் முழுவதும் ஒளிந்திருந்தது.

1900-இல் அவர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். ‘பிரௌனி’ என்று ஓர் அட்டைப் பெட்டிக் காமிரா. விலை ஒரே ஒரு டாலர். ஆறு படம் எடுக்கும் பிலிம் சுருளுக்கு 15 சென்ட். ஏழு சுருள் வாங்கினால் மீண்டும் காமிரா விலை தாண்டிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகவே செய்யப்பட்டது அது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுப்போயிற்று. குழந்தைப் பருவத்தில் பழகிய கை, வளர்ந்த பிறகு சும்மா இருக்குமா?

இதைத் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த புகைப்படத்தை ஈஸ்ட்மன் ஏழை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தார். இறந்துபோன தாயின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட ஒரு படமாவது இருக்கும்படி செய்தவர் அவர். யானை மலிவாகக் கிடைத்ததால்தான் ஏழையும் யானை மேல் ஏறினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தீனி யாருடையது? இங்கேதான் பாதிரியார் வருகிறார். நூவார்க் நகரில் ஹன்னிபல் குட்வின் என்று ஒரு பாதிரியார் இருந்தார். கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாக வளையக்கூடிய செல்லுலாய்டில் பிலிம் செய்யும் முறையைக் கண்டுபிடித்து, 1887-இல் பேடண்டு உரிமைக்கு மனுப் போட்டார். ஈஸ்ட்மன் கம்பெனி 1889-இல் அதே மாதிரி பிலிமை விற்கவே ஆரம்பித்துவிட்டது. பாதிரியாரின் மனுவோ கச்சேரிக்குள் பதினோரு வருஷம் சுற்றியது. 1898-இல்தான் உரிமை கிடைத்தது. 1900-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அவர் காலமானார். உரிமையை வாங்கிக்கொண்ட கம்பெனி வழக்கு நடத்தி வென்றது. 1914-இல் கோடக் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் அந்தப் பிலிம் எத்தனை கோடி வீடுகளுக்குள் போய்விட்டது என்பதை நினைத்தால், 50 லட்சம் என்பது தீனிக்கடையில் சிந்திய தவிடு மாதிரிதான்.

இந்த வியாபார முறையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர் சவரக் கத்தி செய்த ஜில்லெட் என்று பலர் சொல்வதுண்டு. கத்தியைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் என்பது கதை. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பேடண்டு உரிமை அவர் கையில் இருந்த 1904 முதல் 1921 வரையிலான காலத்தில் அவர் கத்தியை 5 டாலர் என்ற உயர்ந்த விலைக்கே விற்றார். ஆகவே மூல ஆசிரியர்களைத் தேடுகிறவர்கள் ராச்செஸ்டருக்குப் போவதுதான் சரி. அல்லது, மை விற்றவர்களைத் தேடிச் சிகாகோவுக்குப் போகலாம்.

நம்மில் வயதானவர்களுக்கு ‘சைக்ளோஸ்டைல்’ ஞாபகம் இருக்கும். மெழுகுத் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டி, மை தடவிச் சுற்றினால் பிரதி பிரதியாக விழும். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளும் சங்கத்துச் சுற்றறிக்கையும் அப்படித்தான் பிறந்தன. அமெரிக்காவில் அந்த ஜாதி யந்திரத்துக்கு ‘மிமியோகிராப்’ என்று பெயர். எடிசனின் பேடண்டு உரிமையைப் பெற்று, 1887 முதல் அதைச் செய்து விற்றது சிகாகோவில் இருந்த ஏ. பி. டிக் கம்பெனி. யந்திரத்தின் மேலேயே ஓர் அறிவிப்பைப் பொறித்திருந்தார்கள்: மெழுகுத் தாள், மை முதலிய எல்லாவற்றையும் எங்களிடம் வாங்கி உபயோகிப்பதாக இருந்தால் மட்டுமே இந்த யந்திரத்தை ஓட்ட அனுமதி உண்டு!

நியூயார்க்கில் ஒரு பெண்மணி இந்த யந்திரத்தை வாங்கினார். ஹென்றி என்ற வியாபாரி அவருக்கு வேறு மை ஒரு டப்பா விற்றார். ஒரு டப்பா மை! டிக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. அது ஏறி ஏறி சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. யந்திரத்தை அசல் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்கிறோம், லாபத்துக்கு நம்பியிருப்பது மையையும் தாளையும்தான் என்பது கம்பெனியின் வாதம். மறைத்துச் செய்த காரியத்தைக் கோர்ட்டில் மார்தட்டிச் சொல்லும் நிலைமை வந்துவிட்டது பாருங்கள்.

1912-இல் தீர்ப்பு வந்தது. நாலு நீதிபதிகள் கம்பெனி பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். தலைமை நீதிபதி ஒயிட் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் சட்டத்தை விட உலக ஞானம் அதிகம். இதை ஒப்புக்கொண்டால் நாளைக்குச் சமையல் பாத்திரம் விற்கிறவன், என்னிடம் வாங்கிய பண்டத்தைத்தான் இதில் சமைக்கலாம் என்பான். ஜன்னல் சட்டம் விற்கிறவன், வீடு கட்டும் சாமான் முழுவதும் என்னிடமே வாங்கு என்பான். தையல் யந்திரம் விற்கிறவன், என் நூலையும் ஊசியையும் தவிர வேறு தொடாதே என்பான் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். நம் வீட்டுப் பாட்டியே நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து பேசுவது போல் இல்லையா?

தோற்ற தீர்ப்பு சில சமயம் பின்னால் ஜெயிக்கும். 1914-இல் இத்தகைய கட்டுப்பாடுகளை ஒடுக்க ஒரு சட்டம் பிறந்தது. 1917-இல் வேறொரு வழக்கு வந்தது. இந்தத் தடவை காமிராவின் உடன்பிறப்பான சினிமாப் படம் காட்டும் யந்திரம். எங்கள் உரிமைக்கு உட்பட்ட படங்களைத் தவிர வேறு படம் ஓட்டக் கூடாது என்று அதன் மேலும் ஒரு தகடு அடித்திருந்தார்கள். செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். 1912 தீர்ப்பும் அதோடு ஒழிந்தது. யந்திரத்தின் உரிமை யந்திரத்தோடு சரி, அதற்குப் போடும் தீனியின் மேல் அது பாயாது என்பது சாரம்.

அத்துடன் கதை முடிந்ததா? வியாபாரி ஒரு கயிற்றை அறுத்தால் இன்னொன்று திரிக்கத் தெரியாதவனா?

கோடக் திரித்த கயிறு மிக மெல்லியது. 1935-இல் வந்த ‘கோடக்குரோம்’ வண்ணப் பிலிமைக் கழுவுவது மிகவும் சிக்கலான வேலை. ஆகவே கழுவும் கூலியையும் பிலிம் விலையிலேயே சேர்த்து விற்றார்கள். வாங்கும்போதே இரண்டுக்கும் பணம் கொடுத்தாயிற்று. பிறகு வேறு கடைக்கு யார் போவார்கள்? அமெரிக்க சர்க்கார் தலையிட்டு, 1954-இல் இரண்டையும் பிரித்து விற்கும்படி செய்தது.

அதே ராச்செஸ்டரில், கோடக்கின் நிழலில் புகைப்படத் தாள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தது ஹாலாய்டு என்ற சிறு கம்பெனி. செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938-இல் கண்டுபிடித்த உலர் நகல் முறையை அது எடுத்து வளர்த்தது. 1959-இல் ‘914’ என்ற நகல் யந்திரத்தை வெளியிட்டது. பிற்பாடு அந்தக் கம்பெனியின் பெயரே ஜெராக்ஸ் ஆயிற்று. நம் ஊர்களில் அந்தப் பெயர் நகல் என்றே பொருள் கொண்டுவிட்டது. யந்திரம் மிகப் பெரியது, மிக விலை உயர்ந்தது. யார் வாங்குவார்கள்? வாங்கவே வேண்டாம் என்றார்கள்! மாதம் 95 டாலர் வாடகை. 2,000 பிரதிகள் வரை கேள்வி இல்லை. அதற்கு மேல் பிரதிக்கு இத்தனை சென்ட். உள்ளே ஒரு கணக்குப்பொறி எண்ணிக்கொண்டே இருக்கும். யானை அவர்களுடையது. நாம் ஏறிப்போகும் தூரத்துக்குக் கூலி. ஆபீஸ்களில் பிரதி எடுக்கும் பழக்கம் பரவப் பரவ, அந்த எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது.

வீட்டு மேஜைக்கு வந்த பிரிண்டரின் கதையும் இதே தடத்தில்தான் செல்கிறது. 1977-இல் ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றுக்கோல் ஒன்று மை நிறைந்த ஊசிக்குழலின் மேல் தவறிப் பட்டது. மை குபுக்கென்று வெளியே தெறித்தது. சூட்டில் குமிழி உண்டாக்கி மையைத் துளித்துளியாகத் தெறிக்கவைக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் ஹ்யூலெட்-பாக்கர்ட் கம்பெனியாரும் தனியாகவே அதைக் கண்டுபிடித்து 1984-இல் ஒரு பிரிண்டர் வெளியிட்டார்கள். மை தெறிக்கும் நுண்ணிய துவாரங்கள் அடைத்துக்கொள்ளும் தொல்லை இருந்ததால், அந்தத் துவாரத் தலையையும் மையையும் ஒரே பெட்டியில் வைத்து, தீர்ந்ததும் எறிந்துவிடும்படி அமைத்தார்கள். நல்ல காரணத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிதான் பிற்பாடு தங்கமுட்டை இடும் வாத்து ஆயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒரு நாள் சிறுகதை ஒன்றை அச்செடுக்க உட்கார்ந்தேன். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். மஞ்சள் மை தீர்ந்துவிட்டது, ஆகவே அச்சடிக்க முடியாது என்று அது மறுத்துவிட்டது. என் கதையில் மஞ்சள் பூசிய மங்கை ஒருத்தி வந்தாள் என்பது உண்மைதான், அதற்காக இப்படியா?

மைப்பெட்டிக்குள் ஒரு சிறு மின்சில்லைப் பதித்து, ‘இது நம் ஆள்தானா?’ என்று பிரிண்டரே விசாரிக்கும்படி செய்தது அடுத்த கயிறு. 2016 செப்டம்பரில் ஹ்யூலெட்-பாக்கர்ட்டின் பிரிண்டர்கள் பல, நேற்று வரை ஏற்றுக்கொண்ட பிறத்தியார் மைப்பெட்டிகளைத் திடீரென்று நிராகரித்தன. கூச்சல் எழுந்தது, சரியாகத் தெரிவிக்காததற்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அதே கம்பெனிக்கு மாதச் சந்தா முறையும் உண்டு. சந்தாவை நிறுத்தினால், பெட்டியில் மை மிச்சம் இருந்தாலும் பிரிண்டர் அதைத் தொடாது. பானையில் சோறு இருக்கிறது. அகப்பைக்குத்தான் உத்தரவு இல்லை!

லெக்ஸ்மார்க் என்ற கம்பெனி 1912-ஆம் ஆண்டின் பழைய தகட்டையே புது உருவத்தில் எடுத்து வந்தது. தூள்மைப் பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கினால், தீர்ந்ததும் எங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும், வேறு யாரும் மீண்டும் நிரப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டது. காலிப் பெட்டிகளை நிரப்பி விற்ற ஒரு சிறு வியாபாரியின் வழக்கு 2017 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. விற்றவுடன் பேடண்டு உரிமை தீர்ந்துவிடுகிறது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். பழைய மோட்டார் காரைப் பழுது பார்த்து விற்கும் கடையை உதாரணம் காட்டினார். காரின் ஒவ்வொரு பாகத்தைச் செய்தவனும் உரிமை கொண்டாடி வந்தால் அந்தக் கடை நடக்குமா என்று கேட்டார். ஒயிட் துரையின் தையல் யந்திரம் நூறு வருஷம் கழித்து மோட்டார் காராக வந்து நின்றது.

காமிராக் கம்பெனிகள் பக்கம் திரும்பினால், அங்கே பிலிமின் இடத்தை லென்ஸ் பிடித்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் காமிராவை வாங்குகிறவன் அந்தக் கம்பெனியின் லென்ஸ் வரிசைக்கே மாப்பிள்ளை ஆகிவிடுகிறான். 1987-இல் கேனன் தன் காமிராவின் வாய் அமைப்பையே மாற்றியபோது, பழைய லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சம்பந்தி வீட்டார் திடீரென்று விலாசத்தை மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்?

இனி கோடக்கின் முடிவு. 1975-இல் அந்தக் கம்பெனியிலேயே ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர், பிலிமே இல்லாத காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கனம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. மேலதிகாரிகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள் என்று சாஸன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தீனி விற்றுப் பெருத்தவனிடம் தீனி தின்னாத யானையைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன சொல்வான்? கோடக் முற்றிலும் தூங்கிவிடவில்லை. 2005-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் டிஜிட்டல் காமிரா விற்பனையில் அதுதான் முன்னணியில் நின்றது. ஆனால் காமிரா விற்று லாபம் சம்பாதிக்கும் வித்தையை அந்தக் கம்பெனி என்றைக்குக் கற்றது? 2012 ஜனவரியில் திவால் மனுக் கொடுத்தது. ஊட்டியில் 1967-இல் உற்பத்தி தொடங்கிய நம் நாட்டுப் பிலிம் தொழிற்சாலையும் பின்னர் மூடப்பட்டுவிட்டது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் உறுத்திய அத்தியாயம் திவாலுக்குச் சற்று முந்தியது. 2007-இல் கோடக் வீட்டு உபயோகப் பிரிண்டர் விற்கத் தொடங்கியது. தன் நூற்றாண்டு வழக்கத்தைத் தலைகீழாக்கி, பிரிண்டருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைத்தது. மையை மலிவாகக் கொடுத்தது. கறுப்பு மைப்பெட்டி 10 டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. நியாயமான வியாபாரம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. 2012-இல் அந்தப் பிரிண்டர் விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

கடையில் இரண்டு யானை நிற்கின்றன. ஒன்று மலிவு, தீனி அதிகம். இன்னொன்று விலை அதிகம், தீனி மலிவு. நம் கண் யானையின் கழுத்தில் தொங்கும் விலைச்சீட்டை மட்டும் பார்க்கிறது. தீனிக் கணக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அத்தனை வழக்குகளும் தீர்ப்புகளும் கயிற்றை அறுத்தன. நாமாகப் போய்க் கழுத்தை நீட்டுவதை எந்தக் கோர்ட்டால் தடுக்க முடியும்?

ஆனால் தீனிக் கணக்கைத் தினமும் எழுதுகிற ஜனங்களும் உண்டு. இந்தோனேசியாவிலும் நம் தேசத்திலும் தெருமுனையில் நாள் முழுதும் அச்சடித்துப் பிழைக்கும் சிறு கடைக்காரர்கள் அவர்கள். பக்கத்துக்கு எத்தனை பைசா மை என்பது அவர்களுக்கு மனப்பாடம். பிரிண்டரின் பக்கவாட்டில் துளை போட்டு, குழாய் செருகி, வெளியே புட்டியில் மலிவு மையை நிரப்பிக் கட்டிவிட்டார்கள். கம்பெனிகள் முறைத்தன, அவர்கள் கவலைப்படவில்லை. கடைசியில் ஜப்பானின் எப்ஸன் கம்பெனி இறங்கி வந்து, 2010-இல் இந்தோனேசியாவில் தானே மைத்தொட்டி வைத்த பிரிண்டரை விற்கத் தொடங்கியது. விலை அதிகம், மை மலிவு. கோடக் செய்து தோற்ற அதே வியாபாரம், இங்கே ஜெயித்தது. உலகம் முழுவதும் பரவியது.

பெரிய வக்கீல்கள் வாதாடிப் பெற முடியாததை, பென்சிலைக் காதில் செருகிய ஒரு கடைக்காரன் கணக்குப் போட்டுப் பெற்றுவிட்டான். அடுத்த தடவை மலிவாக ஏதாவது கிடைக்கிறது என்று கை பரபரத்தால், விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், அது என்ன தின்னும், எத்தனை தின்னும், யாரிடம் வாங்கித் தின்னும் என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில்.